உடம்பைப் பற்றி யாரிடம் கேட்பது? 13 முதல் 19 வயதினருக்கு ஒரு முழு வழிகாட்டி

பதினைந்து வயதில் உடம்பில் ஏதாவது மாறினால் முதலில் கூட்டாளியிடம் கேட்கிறோம். அடுத்து யூடியூப், அதற்கும் அடுத்து தெருமுனை மெடிக்கல் கடை அண்ணன். டாக்டரிடம் போவது எல்லாம் முயன்று பார்த்த பிறகுதான், அதுவும் அம்மாவோ அப்பாவோ கையைப் பிடித்து இழுத்துப் போனால்தான். இந்த வரிசைக்குக் காரணம் அறியாமை என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் வெட்கமும், "வீட்டுக்குத் தெரிஞ்சுடுமோ" என்ற பயமும்.

எந்தக் கேள்வியை யாரிடம் கொண்டுபோவது, அங்கே என்ன சொல்வது, சொன்னதில் எது வெளியே போகும், எது போகாது என்பதைத் தமிழ்நாட்டில் உள்ள வசதிகளை வைத்து இங்கே வரிசையாகச் சொல்கிறோம். சென்னைக்காரருக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் வழி கொஞ்சம் மாறும். மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

படி 1: இது காத்திருக்கலாமா, கூடாதா?

யாரிடம் கேட்பது என்று யோசிக்கும் முன்பு முடிவு செய்ய வேண்டியது இதுதான். கீழே உள்ளவற்றில் எது நடந்தாலும் தேடிப் படிக்க உட்காராதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர் யாராக இருந்தாலும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.

பையன்களுக்கு விதைப்பையில் திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி. இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. விதை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டால் அதற்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதைத் தாண்டினால் வாய்ப்பு வேகமாகக் குறைந்து, விதையையே எடுக்க வேண்டி வரலாம். இது அதிகம் வருவது 12 முதல் 18 வயதில். குமட்டலும் வாந்தியும் சேர்ந்து வரும். சில நேரம் அடிவயிறு வலிப்பதுபோல்தான் தொடங்கும். பையன் கூச்சப்பட்டு "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்வான். வீட்டில் சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். விடிவதற்குள் நேரம் முடிந்திருக்கும். அதனால் டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று அந்த இடத்தின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். "விதையில வலிக்குது டாக்டர், ராத்திரி 2 மணியிலிருந்து" என்றால் போதும். எப்போது தொடங்கியது என்பதை விட்டுவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மணி நேரமும் பேடு முழுவதும் நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் நீடித்தால், அல்லது எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், "பீரியட்ஸ்தானே" என்று இருக்கக் கூடாது.

நாய் அல்லது பூனை கடித்தால், பிராண்டினால், சின்னக் கீறலாக இருந்தாலும் மறைக்காதீர்கள். தெரு நாயோடு விளையாடினதற்குத் திட்டு விழும் என்று பிள்ளைகள் இதை ஒளித்துவிடுகிறார்கள். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிய பிறகு ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. அறிகுறி வரும் முன்பு தடுப்பூசி போட்டால் தப்பிக்கலாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி இலவசம். அங்கே பொதுவாக 0, 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள். முதல் ஊசி போட்ட நாள்தான் 0. நன்றாக இருக்கிறதே என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்துபவர்கள் நிறைய. நிறுத்தக் கூடாது.

மாத்திரைகளை அளவுக்கு மேல் விழுங்கிவிட்டால், எந்தக் காரணத்துக்காக விழுங்கினாலும், இப்போது உடம்பு சாதாரணமாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகு. அந்த நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது, அது 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து நேரத்தைக் கடத்துகிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தைரியமாகப் போங்கள்.

படி 2: ஒரு தாளில் எழுதுங்கள்

இது சின்ன வேலைதான், ஆனால் பாதிக் கஷ்டம் இதில் தீரும். ஓ.பி. வரிசையில் ஒரு மணி நேரம் நின்று உள்ளே போனால் டாக்டரிடம் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். பின்னால் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வாய் வராது. தாளை நீட்டிவிடலாம். உதாரணமாக:

வயது 16. பெண்.
கடைசியாக பீரியட்ஸ் வந்தது ஜூன் 8. மூன்று மாதமாக வரவில்லை.
அதற்கு முன்பு 35 – 40 நாளுக்கு ஒரு முறை, 5 நாள்.
ஆறு மாதத்தில் 4 கிலோ கூடியிருக்கிறது. தாடையில் முடி வருகிறது.
மருந்து எதுவும் சாப்பிடவில்லை. மாவு மில்லில் தெரிந்த அக்கா கொடுத்த பொடி 10 நாள் சாப்பிட்டேன், பெயர் தெரியாது.
கேள்வி: இது ஏன்? என்ன டெஸ்ட்? எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

"எப்போதிலிருந்து" என்ற வரியும் "என்ன சாப்பிட்டேன்" என்ற வரியும்தான் டாக்டருக்கு அதிகம் உதவும். அவற்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பொடி, லேகியம், முகத்துக்குப் போட்ட கிரீம், ஜிம்மில் கொடுத்த டப்பா எல்லாம் அந்த வரியில் வர வேண்டும். டப்பா இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

படி 3: எந்தக் கேள்விக்கு எந்த வாசல்

கிராமத்தில் இருந்தால் முதல் வாசல் நர்சம்மா. அரசுப் பெயர் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஏறக்குறைய 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு, நர்சம்மாவின் இடம் அதுதான். பீரியட்ஸ், ரத்தசோகை, வெள்ளைப்படுதல், தடுப்பூசி ஆகியவற்றுக்கு இவரைவிடக் கைக்கெட்டும் ஆள் கிடையாது. 'புதுயுகம்' திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தரும் இலவச நாப்கினைப் பற்றியும் இவரிடமே கேட்கலாம். ஒரு தடங்கல் உண்டு. நர்சம்மா உங்கள் அம்மாவுக்கும் தெரிந்தவர். "அக்கா, இதை அம்மாகிட்ட நானே சொல்றேன், நீங்க சொல்லிடாதீங்க" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி குப்பைத்தொட்டிக்குள் போவது எல்லாருக்கும் தெரியும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒருத்திக்குக் குமட்டியதும் வகுப்பே பயந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு விழுங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம், அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம்தான். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 முதல் 14 வயதில் பையன், பெண் இருவருக்கும் 12 கிராம் இருக்க வேண்டும். 15 வயதுக்கு மேல் பெண்ணுக்கு 12, பையனுக்கு 13. படியேறினால் மூச்சு வாங்குவது, பாடத்தில் கவனம் நிற்காதது, சாக்பீஸ், பச்சரிசி தின்னத் தோன்றுவது ஆகியவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ரத்தசோகை இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கும் குடற்புழு மாத்திரையும் இதே கதையின் பகுதிதான். கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தால் இரும்பு மாத்திரை எத்தனை போட்டாலும் தேறாது.

அரசு ஆஸ்பத்திரிகளில் வளரிளம் பருவத்தினருக்கான தனி ஆலோசனை மையங்கள் உண்டு. 2014இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் 10 முதல் 19 வயதினருக்காக ஏற்பட்டவை. பிரச்சினை என்னவென்றால், அப்படி ஒன்று இருப்பது வாசலில் நிற்கும் ஊழியருக்கே சில இடங்களில் தெரியாது. ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் "வளரிளம் பருவ கிளினிக் எந்த ரூம், என்னைக்கு?" என்று கேளுங்கள். எல்லா நாளும் இருக்காது. நாள் தெரிந்துகொண்டு போவது ஒரு வீண் அலைச்சலை மிச்சப்படுத்தும். அப்படி மையம் இல்லாத இடத்தில் பெண்களுக்கு மகப்பேறு ஓ.பி., மற்றவற்றுக்குப் பொது மருத்துவம். "மகப்பேறு" என்ற பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடாதீர்கள். மாதவிடாய்க் கோளாறு பார்ப்பதும் அங்கேதான். அக்கம்பக்கத்தார் பார்த்து என்ன நினைப்பார்கள் என்ற கவலை இருந்தால் அத்தையையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அரசு ஆஸ்பத்திரிக்கு ஊர் எல்லை கிடையாது.

நேரில் போகவே முடியாதபோது 104. தமிழ்நாடு அரசின் சுகாதார ஆலோசனை எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. வயது, ஊர் கேட்பார்கள். பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தால் அதையே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுங்கள். கடைசியில் "இதுக்கு நான் நேர்ல போணுமா, எத்தனை நாளுக்குள்ள?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் யாரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. போக வேண்டுமா, எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இந்த எண்.

மனது சரியில்லை, தூக்கம் வரவில்லை, பரீட்சையை நினைத்தால் கை நடுங்குகிறது என்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். செத்துவிடலாம் என்று தோன்றினாலும் இதே எண், அல்லது சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா அமைப்பின் 044-24640050. உங்கள் கூட்டாளி அப்படிப் பேசினால், "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. அவனைத் தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை அழுத்துங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தாலும் ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு சத்தியத்தை உடைக்கலாம்.

யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டால், மிரட்டினால், அடித்தால், கல்யாணம் செய்து வைக்கப் பார்த்தால் 1098. 18 வயதுக்குக் கீழே உள்ள எவரும் கூப்பிடலாம், அவர்களுக்காக வேறு யாரும் கூப்பிடலாம். புகையிலையை விட வேண்டும் என்றால் 1800-11-2356. எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097, நேரில் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் 'நம்பிக்கை மையம்'.

படி 4: எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது

இதைத் தெளிவாகச் சொல்லாமல் "டாக்டரிடம் மனம் திறந்து பேசுங்கள்" என்று மட்டும் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

ஆலோசனை கேட்க யார் கையெழுத்தும் வேண்டாம். முகப்பரு, பீரியட்ஸ், மனக்கவலை, தூக்கத்தில் விந்து வெளியாவது, உடல் எடை, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நோயாளி சொன்னதை வெளியே பேசக் கூடாது என்பது மருத்துவரின் தொழில் ஒழுக்கம். பெற்றோர் கூட வந்திருந்தால் "டாக்டர், ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண் பிள்ளையை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது நர்ஸ் ஒருவர் உடனிருக்கக் கேளுங்கள். தயங்க வேண்டாம், அது வழக்கமான முறைதான். அறுவை, மயக்க மருந்து போன்றவற்றுக்கு 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதல் கேட்பார்கள். அங்கே வீட்டுக்குத் தெரியாமல் முடியாது.

இரண்டு இடங்களில் ரகசியம் நிற்காது. உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று டாக்டருக்குத் தோன்றினால் வீட்டில் சொல்வார். அடுத்தது போக்சோ. 2012ஆம் ஆண்டின் இந்தச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் டாக்டர், ஆசிரியர், நர்சம்மா எவரும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தண்டனை. 17 வயதில் இருவரும் விரும்பிப் பழகியதும் சட்டத்தின் கண்ணில் இதற்குள்தான் வரும். இது தெரியாமல் பேசிவிட்டு, பிறகு நர்ஸ் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று உடைந்துபோகிறவர்கள் உண்டு. தெரிந்துகொண்டு போங்கள், ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். காயமோ கர்ப்பமோ இருக்கும்போது ஒளிந்திருப்பது உயிரோடு விளையாடுவது. பாதிக்கப்பட்டவருக்கு முதல் சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியும், அரசானாலும் தனியாரானாலும், காசு வாங்காமல், எஃப்.ஐ.ஆர். கேட்காமல் உடனே தர வேண்டும். பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் பத்திரிகையில் போடக் கூடாது. கருக்கலைப்பு தேவைப்படும் 18 வயதுக்குட்பட்டவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குச் சொல்லும் தகவலில் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

படி 5: போனில் தேடுவதானால்

தேடாதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. யாரிடமும் கேட்க முடியாத கேள்விக்குப் போன்தான் முதல் துணை. ஆனால் தமிழில் உடல்நலம் பற்றித் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் பார்வையாளர் எண்ணிக்கைக்காக எடுத்த வீடியோக்கள். ஒன்றைச் சோதித்துப் பார்ப்போம். "7 நாளில் முகம் வெள்ளையாகும் கிரீம்" என்று ஒரு வீடியோ.

பேசுபவர் யார்? பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தால் போதாது. எம்.பி.பி.எஸ். படித்தவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். சித்த மருத்துவர் என்றால் பி.எஸ்.எம்.எஸ். படித்துத் தனிக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். கீழே விற்பனை லிங்க் இருக்கிறதா? இருந்தால் பார்ப்பது விளம்பரம். எத்தனை நாளில் என்று உறுதி சொல்கிறாரா? உடம்பு அப்படித் தேதி கொடுக்காது. கடைசியாக, கிரீமின் டியூபில் இருக்கும் பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும், அதனால்தான் கமெண்ட்டில் எல்லாரும் புகழ்கிறார்கள். பிறகு தோல் மெலியும், வெயில் பட்டால் எரியும், பரு கொத்தாக வரும், மீசை இடத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால் மறுபடி அதையே தேடுவார்கள். படர்தாமரைக்குப் போட்டால் அரிப்பு அடங்கி, உள்ளுக்குள் பரவும்.

பருவுக்கே மருந்து வேண்டும் என்றால் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மெல்லிய பூச்சு, ராத்திரியில் மட்டும். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், மூன்றாம் நாளே விட்டுவிடுவதால்தான் "வேலை செய்யல" என்கிறார்கள். தலையணை உறையின் சாயத்தை வெளுக்கச் செய்யும், பழைய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடல் மெலியச் சொல்லும் வீடியோக்களில் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகள் பெயர் வரும். வெங்காரம் என்பது போராக்ஸ். அதை வாய் வழியாக எடுப்பது நஞ்சு சாப்பிடுவது. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதெல்லாம் சாப்பிடும் பொருள் இல்லை.

நம்பிப் படிக்க உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் அரசின் என்.எச்.எஸ்., அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் ஆகியவை போதும். ஆங்கிலம் எளிமையாக இருக்கும், மொழிபெயர்ப்புப் பொத்தானும் உதவும். ஏ.ஐ. சாட்பாட்டை அந்த ஒரு பக்கத் தாளை எழுதவும், டெஸ்ட் ரிப்போர்ட்டில் உள்ள சொல்லுக்குப் பொருள் கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். தப்பையும் சரியைப் போலவே உறுதியாகச் சொல்லும்.

ஆன்லைன் டாக்டர் என்று சொல்லி அந்தரங்க உறுப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அங்கேயே பிளாக் செய்யுங்கள். 2020இல் வந்த தொலை மருத்துவ விதிகளின்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் பெரியவர் ஒருவர் உடனிருந்தால்தான் ஆலோசனை தரலாம். பெரியவர் வேண்டாம், தனியாக வா என்கிற ஆன்லைன் டாக்டர் அந்த விதியை மீறுகிறார். ஏற்கெனவே படம் அனுப்பிவிட்டு மிரட்டலில் மாட்டியிருந்தால் காசு கொடுக்காதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள், 1098ஐக் கூப்பிடுங்கள். குற்றம் செய்தது மிரட்டுகிறவர்.

படி 6: மெடிக்கல் கடையில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மெடிக்கல் கடை அண்ணன் நல்லவராக இருக்கலாம். ஆனால் கவுண்டரில் நிற்பவர் பார்மசி படித்தவரா என்பது உங்களுக்குத் தெரியாது. அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோடு செங்குத்தாக ஓடினால், அது டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து. ஆன்டிபயாட்டிக்குகளில் இந்தக் கோடு இருக்கும். சளிக்கு அது உதவாது, சளி பெரும்பாலும் வைரஸ்.

காய்ச்சலுக்கு வாங்கும் டோலோ, கால்பால் எல்லாம் ஒரே பாராசிட்டமால்தான். பெயருக்குப் பின்னால் உள்ள 500, 650 என்பது மில்லிகிராம். சளி மாத்திரை என்று தனியாகத் தருவதிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தெரியாமலே இரட்டை அளவு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், வைரஸ் காய்ச்சலில் பிள்ளைகளுக்கு அது மூளையையும் கல்லீரலையும் தாக்கக்கூடும்.

பீரியட்ஸ் வலிக்கு விடுதிகளில் கைமாறும் மாத்திரைகளில் பெரும்பாலும் மெஃபனாமிக் அமிலம் இருக்கும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், ஆஸ்துமாவோ அல்சரோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூடாது. அரிதாக உடம்பெங்கும் தடிப்பும் காய்ச்சலுமாக ஒரு ஒவ்வாமை வரும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. அப்படித் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதாமாதம் மாத்திரை போட்டும் பள்ளிக்குப் போக முடியாத வலி என்றால் அதைப் பொறுத்துக்கொள்வது தீர்வாகாது, மகப்பேறு ஓ.பி.யில் காட்ட வேண்டும். வளரிளம் வயதில் 21 முதல் 45 நாளுக்கு ஒரு முறை வருவது, 7 நாள் வரை இருப்பது இயல்பு. 15 வயது முடிந்தும் வயதுக்கு வராவிட்டாலும், வந்துகொண்டிருந்தது 3 மாதம் நின்றாலும் காட்டுங்கள்.

படி 7: போஸ்டர் வைத்தியர்களிடம் போகாதீர்கள்

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரிலும் நள்ளிரவு டிவியிலும் "இளைஞர்களே, நரம்புத் தளர்ச்சியா? கைப்பழக்கமா?" என்று கூப்பிடுகிறவர்கள், மாதத்தில் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டுப் பார்ப்பவர்கள், இவர்களுடைய வியாபாரம் முழுவதும் பையன்களின் பயத்தில் ஓடுகிறது. தூக்கத்தில் விந்து வெளியாவது வளர்ச்சியின் பகுதி. சுயஇன்பத்தால் நரம்பு தளராது, ஞாபகம் குறையாது, உறுப்பு சிறுக்காது, பின்னாளில் குழந்தை பிறப்பதும் தடைபடாது. "ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தம்" என்ற கணக்குக்கு உடலியலில் இடமே இல்லை. பாலியல் சக்தியைக் கூட்டுவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. லேகியத்துக்காக வீட்டில் பணம் எடுத்தவன், குற்ற உணர்ச்சியில் பள்ளியை விட்டவன் என்று பையன்கள் நாசமாவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. உண்மையிலேயே எரிச்சல், புண், கட்டி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் பொது அறுவை அல்லது தோல் நோய் ஓ.பி.யில் காட்டுங்கள். பகலில் ஓ.பி.யில் உட்காரும் சாதாரண டாக்டர்கள்தான் இதையும் பார்ப்பார்கள்.

படி 8: வீட்டில் எப்படிச் சொல்வது

சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம். அம்மா சமையலறையில் தனியாக இருக்கும்போது, அல்லது அப்பாவோடு வண்டியில் போகும்போது சொல்லுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது எளிது. "அம்மா, ஒரு விஷயம் சொல்றேன், முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டு. எனக்கு ஒரு மாசமா இப்படி இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ." விளக்கத்தைவிடக் கடைசி வாக்கியம் முக்கியம். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் பெற்றோரின் பதற்றம் அந்த வேலையில் போகும். அம்மாவிடம் முடியாவிட்டால் அத்தை, சித்தி, மாமா, அண்ணி, பாட்டி, நம்பும் டீச்சர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெரியவர் போதும்.

ஒரு வாசலில் முகம் சுளித்தால்

சில இடங்களில் திட்டு விழும். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு உனக்கு" என்று கேட்பவர்கள் வெள்ளைக் கோட்டிலும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லோடு திரும்பி வந்துவிட்டால் நோய் உங்களோடுதான் வரும். ஓ.பி. சீட்டைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தேதியும் எழுதிய மருந்தும் இருக்கும். அடுத்த வாரம் வேறு நாளில் வேறு டாக்டர் இருப்பார். இல்லையென்றால் 104ஐக் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரி, என்ன தேதி, என்ன சொன்னார்கள் என்று புகாராகவே சொல்லலாம். அரசு ஆஸ்பத்திரிகள் பற்றிய புகார்களையும் அந்த எண்ணில் எடுத்துக்கொள்கிறார்கள். அதே அழைப்பில் "பக்கத்துல வேற எங்க போகலாம்?" என்றும் கேட்டு, அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.